சாவுக்கு ஓர் அட்டவணை

கட்டடத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் கொல்லும் என்று சொல்லப்பட்ட நியூட்ரான் குண்டின் கதை

பனிப்போர்க் காலத்து அமெரிக்க ராணுவக் கணக்குகளில் ஓர் அட்டவணை உண்டு. 8,000 ராட் கதிர்வீச்சு பட்ட சிப்பாய் ஐந்து நிமிடத்துக்குள் செயலிழந்து விழுவான். பிறகு எழமாட்டான். ஓரிரு நாளில் இறப்பான். 3,000 ராட் பட்டவனும் ஐந்து நிமிடத்தில் விழுவான். ஆனால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஓரளவு தெளிந்து எழுவான். நான்கு முதல் ஆறு நாள்வரை அவனுக்கு உயிர் இருக்கும். 650 ராட் பட்டவன் இரண்டு மணி நேரத்துக்குள் தளரத் தொடங்குவான். சில வாரம் கழித்துச் சாவான்.

ராட் என்பது உடம்பு உள்வாங்கிய கதிர்வீச்சின் அளவு. மருத்துவமனையில் நமக்கு எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் ஒரு ராடின் நூறில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் சேர்வதில்லை.

இந்த அட்டவணையைப் போட்டவர்கள் யாரையும் காப்பாற்றுவதற்காகப் போடவில்லை. எதிரியின் டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவன் சாவதற்கு முன் இன்னும் எவ்வளவு நேரம் வண்டியை ஓட்டுவான், பீரங்கியைச் சுடுவான் என்று தெரிந்துகொள்வதற்காகப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துச் சாகப்போகிறவன் இன்று பிற்பகல் நன்றாகவே சண்டை போடுவான். படைத்தளபதிக்கு அந்தச் சாவால் பயனில்லை. ஆகவே 650 போதாது, 8,000 வேண்டும். அந்த 8,000-ஐ டாங்கியின் இரும்புச் சுவரைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது நியூட்ரான் குண்டு.

இந்த ஆயுதத்தைப் பற்றி உலகம் பேசியதெல்லாம் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றித்தான். ஆள் சாவான், வீடு நிற்கும் என்ற ஒரு வரி எழுபதுகளில் ஊர் ஊராகச் சுற்றியது. அது அறிவியலாகவும் முழு உண்மை இல்லை. அதைவிட, அட்டவணையின் இரண்டாம் வரியில் இருக்கிறானே, விழுந்து, தெளிந்து, எழுந்து, தான் சாகப்போவது தெரிந்தும் தெரியாமலும் நாலு நாள் நடமாடுகிறவன், அவனை அந்த வரி மறைத்துவிட்டது. அவனிடமிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உடம்புக்குள் நடப்பது

கதிர்வீச்சால் கொல்லலாம் என்ற எண்ணம் அணுகுண்டுக்கும் மூத்தது. 1943 மே 25 அன்று ராபர்ட் ஓப்பன்ஹைமர் என்ரிக்கோ ஃபெர்மிக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிரி நாட்டு உணவில் கதிரியக்க ஸ்ட்ரான்ஷியத்தைக் கலப்பது பற்றிய கடிதம் அது. ஐந்து லட்சம் பேரைக் கொல்லும் அளவுக்கு உணவை நஞ்சாக்க முடியாவிட்டால் இந்தத் திட்டத்தில் இறங்க வேண்டாம் என்று அதில் சொல்லியிருந்தார். திட்டம் நடக்கவில்லை. ஆனால் குண்டு ஒன்றுகூடத் தயாராகாத நாளிலேயே, வெடிப்பின் துணை இல்லாமல் கதிரியக்கத்தை மட்டும் வைத்துக் கொல்வது பற்றி உலகின் தலைசிறந்த இரண்டு இயற்பியலாளர்கள் எண்ணிக்கையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஒரு மாதம் ஆகும் வேளையில் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வில்ஃப்ரெட் பர்செட் தனியாக ரயிலேறி அங்கே போனார். மேலுக்குக் காயமே இல்லாதவர்கள் முடி கொட்டி, ஈறில் ரத்தம் கசிந்து, ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருப்பதை லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். அமெரிக்க ராணுவம் மறுத்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், அணுகுண்டுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸ் அமெரிக்க செனட் குழு முன் சாட்சியம் சொன்னார். கதிர்வீச்சால் வரும் சாவு மிகவும் இதமான சாவு என்று மருத்துவர்கள் தன்னிடம் கூறியதாகச் சொன்னார்.

அவர் அப்படிச் சொல்வதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, அவர் பொறுப்பில் இருந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஹாரி டாலியன் என்ற 24 வயது இயற்பியலாளர் அதே சாவைச் செத்திருந்தார். ஆகஸ்ட் 21 இரவு, புளூட்டோனிய உருண்டையைச் சுற்றிக் கட்டிகளை அடுக்கும் சோதனையில் ஒரு கட்டி கைதவறி அதன்மேல் விழுந்தது. 25 நாள் உயிரோடு இருந்தார்.

ஒன்பது மாதம் கழித்து, 1946 மே 21 அன்று, அதே உருண்டை இன்னொருவரைக் கொன்றது. லூயி ஸ்லோட்டின், கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர், வயது 35. பெரிலியத்தால் ஆன இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே புளூட்டோனியத்தை வைத்து, மேல்பாதி முழுதாக மூடிக்கொள்ளாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியால் தாங்கிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ஒரு நீல ஒளி, ஓர் அனல். ஒரு நொடிக்குள் மேல்பாதியைத் தட்டிவிட்டார். அறையில் இருந்த மற்ற ஏழு பேர் அன்று பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவருக்கு முதலில் வாந்தி வந்தது. மறுநாள் காலைக்குள் வாந்தி நின்றது. கையில் வலியும் வீக்கமும் இருந்தாலும் சில நாள் அவர் உடல்நிலை பரவாயில்லை என்றே தோன்றியது. வின்னிபெக்கிலிருந்து பெற்றோரை விமானத்தில் அழைத்து வந்தார்கள். ஐந்தாம் நாள் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் சரிந்தன. ஒன்பதாம் நாள், மே 30 அன்று, இறந்தார்.

இடையில் வருகிற அந்த நல்ல நாட்களுக்குக் காரணம் உண்டு. நியூட்ரான் பட்டதும் உடம்பு எரிந்துவிடுவதில்லை. செல்கள் பிரிந்து பெருகும் ஆற்றல்தான் அழிகிறது. குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் தோலும் ஒவ்வொரு நாளும் புதிய செல்களை உண்டாக்கியே தம்மைக் காத்துக்கொள்கின்றன. பழைய செல்கள் தமக்குரிய சில நாட்களை வாழ்ந்து முடிக்கும்வரை உடம்பு சரியாக இருப்பதுபோல் தெரியும். அவை உதிரும்போது இடத்தை நிரப்பப் புதியவை வராது. குடல் நீரைத் தக்கவைக்காது. ரத்தம் உறையாது. சாதாரணக் கிருமியைக்கூட எதிர்க்க ஆள் இருக்காது. மூளை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இதைத்தான் க்ரோவ்ஸ் இதமான சாவு என்று சொன்னார்.

53 ஆண்டு கழித்து, மருத்துவம் எவ்வளவோ வளர்ந்த பிறகு, 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தோக்காய்முரா என்ற ஊரில் யுரேனியம் பதப்படுத்தும் ஆலையில் இது மறுபடி நடந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் பல மடங்கு யுரேனியக் கரைசலை வாளியால் ஒரு தொட்டியில் ஊற்றினார்கள். தொட்டிக்குள் அணுப்பிளவு தானாகத் தொடங்கியது. அருகில் நின்ற 35 வயதுத் தொழிலாளியின் உடம்பில் சேர்ந்த அளவு, அந்த ராணுவ அட்டவணையின் 650-க்கும் 3,000-க்கும் நடுவில் விழும். நியூட்ரான் தாக்கத்தில் அவர் ரத்தத்தில் இருந்த சோடியமே கதிரியக்கமுள்ளதாக மாறியிருந்தது. அதை அளந்துதான் எவ்வளவு பட்டது என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். குரோமோசோம்கள் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருந்தன. சகோதரியிடமிருந்து மூலச்செல் எடுத்துச் செலுத்தினார்கள். தோலை ஒட்டிப் பார்த்தார்கள். டோக்கியோவின் மிகச் சிறந்த மருத்துவர்கள் கூடியிருந்து 83 நாள் போராடினார்கள். டிசம்பர் 21 அன்று அவர் இறந்தார். அவருடன் வேலை செய்த இன்னொருவர் ஏழு மாதம் இருந்து இறந்தார்.

ஒரே ஒரு மனிதனுக்கு ஒரு பெரிய மருத்துவமனையே இப்படிப் போராடியது. நியூட்ரான் குண்டு ஒன்று இதை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்வதற்காக உருவானது.

வெளியே விடப்பட்ட நியூட்ரான்

டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஹைட்ரஜனின் இரண்டு கனத்த வடிவங்கள். கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் இவை இணைந்தால் ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூட்ரானே தூக்கிக்கொண்டு போகிறது. வழக்கமான ஹைட்ரஜன் குண்டில் இந்த நியூட்ரான்களை வீணாக்குவதில்லை. சுற்றிலும் யுரேனிய உறை இருக்கும். நியூட்ரான் அதில் பாய்ந்து யுரேனியத்தைப் பிளக்கும். வெடிப்பு பல மடங்கு பெருகும். நியூட்ரான் குண்டில் அந்த உறையை எடுத்துவிட்டார்கள். வெடிப்பைச் சிறிதாக்கி, ஏறக்குறைய ஒரு கிலோடன் அளவில், அதாவது ஆயிரம் டன் டி.என்.டி. அளவில் நிறுத்தி, நியூட்ரான்களைத் தடையின்றி வெளியே ஓடவிட்டார்கள்.

சாதாரண அணுகுண்டின் ஆற்றலில் பாதி அதிர்ச்சி அலையாகவும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வெப்பமாகவும் போகும். வெடித்த கணத்தில் பாயும் கதிர்வீச்சு ஐந்து சதவீதம் அளவுதான். நியூட்ரான் குண்டில் இந்தக் கதிர்வீச்சுப் பங்கு சுமார் 30 சதவீதமாக ஏறுகிறது. ஆனாலும் மீதி எங்கும் போய்விடவில்லை. அதிர்ச்சி அலை 40 சதவீதம், வெப்பம் 25 சதவீதம் அளவில் இன்னும் இருக்கின்றன. ஒரு கிலோடன் குண்டு தாழ்வாக வெடித்தால் சுற்றிலும் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குச் சாதாரண வீடுகள் தரைமட்டமாகும், தீப்பிடிக்கும். அதையும் தாண்டி, ஏறக்குறைய 700 மீட்டர்வரை 8,000 ராட் பாயும். 650 ராட் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். கட்டடம் நிற்கும் என்பது அந்த வெளிவளையத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. நடுவில் எதுவும் நிற்காது. நிற்கும் சுவர்களும் மண்ணும் இரும்பும்கூட நியூட்ரானை வாங்கிச் சில மணி முதல் சில நாள்வரை கதிர் வீசிக்கொண்டிருக்கும்.

டாங்கியின் கனத்த இரும்பு ஏன் காப்பாற்றாது? கோலிக்குண்டு தன்னையொத்த இன்னொரு கோலியில் மோதினால் வேகத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பெரிய பாறையில் மோதினால் வேகம் குறையாமல் திரும்பித் தெறிக்கும். நியூட்ரானுக்கு இரும்பு அணு பாறை. ஹைட்ரஜன் அணு சம எடைக் கோலி. தண்ணீரிலும் ஈரமண்ணிலும் பிளாஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. அவை நியூட்ரானைத் தடுக்கும். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இரும்பைத் தாண்டி வரும் நியூட்ரான் தன் வேகத்தை இறக்கிவைக்கும் இடம் உள்ளே இருப்பவனின் உடம்பாகிவிடுகிறது.

இதற்கு மாற்று கண்டுபிடிக்க அதிக காலம் ஆகவில்லை. சோவியத் டாங்கிகளின் உட்சுவரில் போரான் கலந்த பாலிஎதிலீன் பட்டையை ஒட்டத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவில் உருவான ஆயுதத்தின் வலிமையை ஒரு பிளாஸ்டிக் படலம் பெருமளவு குறைத்தது. டாங்கிக்காரனுக்குப் பட்டை கிடைத்தது. பக்கத்துக் கிராமத்தில் ஓட்டுவீட்டில் இருப்பவனுக்கு எதுவும் இல்லை.

சியோல் தெருவில் பிறந்த யோசனை

சாமுவேல் கோஹன் 1921-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் வேலை பார்த்தவர். பிறகு ராணுவத்துக்கு ஆய்வு செய்துதரும் ராண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 1951-ல், கொரியப் போர் நடக்கும்போது சியோலுக்குப் போனார். பலமுறை கைமாறிச் சிதைந்த நகரம் அது. இடிபாடுகளுக்கு நடுவே பிழைப்புத் தேடிய மக்களைப் பார்த்தபோது, ஊர்களை இப்படி நொறுக்காமல் போர் செய்ய ஓர் அணு ஆயுதம் இருக்க முடியாதா என்ற கேள்வி தனக்குள் எழுந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1958-ல் லிவர்மோர் அணு ஆயுத ஆய்வுக்கூடத்தில், கால்வாய் வெட்டுவது போன்ற அமைதிப் பணிகளுக்கென்று யோசிக்கப்பட்ட குறைந்த கழிவுள்ள வெடிகளின் வடிவமைப்பைப் பார்த்தபோது விடை கிடைத்தது. எவ்வளவு நியூட்ரான் வெளியே வரும் என்று கணக்குப் போட்டார்.

கோஹனைக் கொடியவராகச் சித்திரித்தவர்கள் ஏராளம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சியோலில் அவர் அடைந்த துயரம் பொய் என்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை. மனிதன் உருவாக்கியதிலேயே மிகவும் அறிவுக்குகந்த, அறத்துக்குகந்த ஆயுதம் இது என்று 2010 நவம்பரில் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். போர் முடிந்ததும் உலகம் இடியாமல் இருக்குமே என்பார். ஒரு பெரிய குண்டு நூறு ஊரை அழிப்பதற்குப் பதில் சிறிய குண்டு படையை மட்டும் அழிக்கட்டும் என்ற வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. அணுகுண்டை 1945-க்குப் பிறகு யாரும் போரில் போடாமல் இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, போட்டால் என்ன ஆகும் என்ற அச்சம். அளவில் சிறியது, ஊரைக் காப்பது, அறத்துக்கு உகந்தது என்று ஒரு குண்டைச் சொல்லிவிட்டால் அதைப் போட அனுமதி கேட்கத் தளபதி தயங்க மாட்டார். கொடுக்கத் தலைவரும் தயங்க மாட்டார். கோஹனே வியட்நாமில் அதைப் பயன்படுத்தலாம் என்று வாதாடினார். முதல் குண்டு ஒரு கிலோடனாக இருக்கலாம். எதிரி திருப்பிப் போடும் குண்டு எத்தனை கிலோடன் இருக்க வேண்டும் என்று முதலில் போட்டவர் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு செயலையும் இங்கே சொல்லியாக வேண்டும். அட்டவணையின் எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருக்கும் ராணுவக் கதிர்வீச்சு உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் ரீசஸ் குரங்குகளைச் சுழலும் சக்கரங்களுக்குள் ஓடப் பழக்கினார்கள். வேகம் குறைந்தால் மின் அதிர்ச்சி. பழகிய பிறகு, உயிர் தாங்காத அளவுக்குக் கதிர்வீச்சைப் பாய்ச்சி மறுபடி ஓடவிட்டார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே அவை எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று குறித்துக்கொண்டார்கள். சாகப்போகும் டாங்கி ஓட்டுநர் எவ்வளவு நேரம் வேலை செய்வான் என்று அறிய வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

தங்கள் மண்ணில் வெடிக்க வேண்டிய குண்டு

1977 ஜூன் 6 அன்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் வால்டர் பிங்கஸ் என்ற செய்தியாளர் எழுதிய செய்தி வெளியானது. எரிசக்தி ஆராய்ச்சி அமைப்பின் பட்ஜெட்டுக்குள் ஒரு நியூட்ரான் ஆயுதத்துக்கான பணம் புதைந்து கிடப்பதை அவர் தோண்டி எடுத்திருந்தார். லான்ஸ் ஏவுகணைக்கான வெடிமுனை அது. ரகசியமாகவே அதுவரை நடந்த விஷயம் மறுநாளிலிருந்து உலகச் செய்தி ஆனது.

உண்மையில் நியூட்ரானை முதலில் ஆயுதமாக நிறுத்தியது அதற்கு இரண்டு ஆண்டு முன்பே. வடக்கு டகோட்டாவில், வரும் ஏவுகணைகளை வானிலேயே நியூட்ரானால் செயலிழக்கச் செய்யும் ஸ்பிரிண்ட் ஏவுகணைகளை 1975-ல் வைத்தார்கள். சில மாதத்திலேயே மூடிவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை, குறி ஏவுகணை என்பதால். லான்ஸின் குறி வேறு. கிழக்கிலிருந்து சோவியத் டாங்கிகள் பெருங்கூட்டமாக வந்தால் அவற்றை மேற்கு ஜெர்மனியின் மண்ணிலேயே நிறுத்த வேண்டும். ஃபுல்டா கணவாய் வழியாக வருவார்கள், ஃபிராங்க்ஃபர்ட்டை நோக்கிப் பாய்வார்கள் என்பது நேட்டோவின் கணக்கு. அதாவது, குண்டு விழும் இடம் குண்டுக்குச் சொந்தக்காரரின் நாடு இல்லை. பாதுகாக்கப்படுகிறவரின் நாடு.

ஜெர்மானியருக்கு இது புதிதில்லை. 1955-ல் ‘கார்ட் பிளான்ஷ்’ என்ற பெயரில் நேட்டோ ஒரு போர்ப்பயிற்சி நடத்தியது. 335 அணுகுண்டுகள் வெடித்ததாகக் காகிதத்தில் வைத்துக்கொண்டார்கள். காகிதத்திலேயே 17 லட்சம் ஜெர்மானியர் செத்தார்கள், 35 லட்சம் பேர் காயமுற்றார்கள். தங்களைக் காப்பாற்ற வந்த திட்டத்தின் விலை என்ன என்று அன்றே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மத்திய ஐரோப்பாவில் ஊர்கள் நெருக்கமாக இருப்பவை. ஒரு கிராமத்தின் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த கிராமத்துக் கோபுரம் தெரியும். டாங்கி ஓடும் சாலையும் பள்ளிக்கூடமும் ஒரே வளையத்துக்குள்தான் இருக்கும். சமூக ஜனநாயகக் கட்சியின் ஏகான் பார் 1977 ஜூலையில், இந்தக் குண்டு மனிதச் சிந்தனை வக்கிரமாகிப்போனதன் அடையாளம் என்று எழுதினார். பொருளை மனிதனுக்கு மேல் வைத்துவிட்டார்கள் என்பது அவர் கோபம்.

எதிர்ப்பு அதிகம் கொதித்த இடம் நெதர்லாந்து. அங்கே கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கியது கம்யூனிஸ்ட் கட்சி. மாஸ்கோ இதைப் பிரச்சாரமாகப் பயன்படுத்தியதும் உண்மை. அந்த மாஸ்கோவே நியூட்ரான் ஆயுதத்தைச் சோதித்துப் பார்த்திருந்தது. 1978 நவம்பரில் அமெரிக்க செனட்டர்களிடம் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அதை ஒப்புக்கொண்டார். இதையெல்லாம் வைத்து ஐரோப்பிய எதிர்ப்பு முழுவதும் சோவியத் ஏற்பாடு என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றரைக் கோடிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், எந்தக் கட்சியையும் சேராத குடும்பத் தலைவிகள் அதில் இருந்தார்கள். 1978 மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ரூலோஃப் க்ரைசிங்கா, தன் அரசு இந்தக் குண்டைத் தெளிவாக நிராகரிக்கவில்லை என்பதற்காகப் பதவி விலகினார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். படிப்பால் மருத்துவர்.

மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் வேறு நெருக்கடியில் இருந்தார். குண்டை ஏற்கத் தயார், ஆனால் ஐரோப்பாக் கண்டத்தில் இன்னொரு நேட்டோ நாடாவது உடன் ஏற்க வேண்டும் என்றார். சொந்தக் கட்சியின் எதிர்ப்பையும் மீறி அவர் இந்த இடத்துக்கு வந்து நின்றபோது, 1978 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் தயாரிப்பை ஒத்திவைப்பதாக அறிவித்தார். ஷ்மிட்டுக்கு அந்தக் கோபம் நெடுநாள் ஆறவில்லை. நாடுகளுக்கு இடையிலான உறவில் இது ஒரு பெரிய குளறுபடி என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கார்ட்டர் அன்று தயங்கியதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

1981 ஆகஸ்டில் அடுத்த அதிபர் ரீகன் தயாரிக்க உத்தரவிட்டார். லான்ஸ் வெடிமுனைகளும் எட்டு அங்குலப் பீரங்கிக் குண்டுகளும் நூற்றுக்கணக்கில் தயாராகின. ஐரோப்பியர்கள் வேண்டாம் என்றதால் அவை அமெரிக்க மண்ணிலேயே கிடங்குகளில் இருந்தன. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். கிடங்கில் சும்மா இருந்தாலும் கரைந்துகொண்டே போகும், புதிதாக நிரப்பியாக வேண்டும். பெர்லின் சுவர் விழுந்தது. 1991 செப்டம்பர் 27 அன்று அதிபர் மூத்த புஷ், தரையிலிருந்து ஏவும் குறுந்தொலைவு அணு ஆயுதங்கள் அனைத்தையும் ஒழிப்பதாக அறிவித்தார். 2003-க்குள் அந்தக் கடைசிப் பீரங்கிக் குண்டுகளும் பிரிக்கப்பட்டுவிட்டன.

ஆசியாவுக்கு வந்த கணக்கு

பிரான்ஸ் தானும் சோதித்துவிட்டதாக 1980 ஜூனில் அறிவித்தது, பிறகு கைவிட்டது. சீனா 1988-ல் சோதித்தது. 1999 ஜூலை 15 அன்று, அமெரிக்காவிடமிருந்து ரகசியங்களைத் திருடியதாக வந்த குற்றச்சாட்டை மறுக்கும்போது, நியூட்ரான் குண்டுத் தொழில்நுட்பம் தங்களுக்குச் சொந்தமாகவே கைவந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது.

கார்கில் போர் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த மாதமே இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆர்.சிதம்பரம், நியூட்ரான் குண்டு செய்யும் திறன் இந்தியாவுக்கும் உண்டு என்று பி.டி.ஐ. செய்தி நிறுவனத்திடம் சொன்னார். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1974, 1998 இரண்டு பொக்ரான் சோதனைகளிலும் முக்கியப் பங்கு வகித்தவர். செய்யப்போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. செய்ய முடியும் என்றார். அறிவியலாளராக அது அவருக்குப் பெருமைக்குரிய பதில். ஆனால் அந்தத் திறன் யார் மண்ணில் எதற்காக என்ற கேள்வியை அன்று நம் பத்திரிகைகள் ஆழமாகக் கேட்கவில்லை. ஐரோப்பியர்கள் அதே கேள்வியை வைத்துத் தங்கள் அரசுகளை ஆட்டிவைத்து இருபது ஆண்டு ஆகியிருந்தது.

இன்று எந்த நாடும் நியூட்ரான் குண்டு தன் கையிருப்பில் இருப்பதாக அறிவித்திருக்கவில்லை. ஆனால் அதைப் பெற்றெடுத்த யோசனை உயிரோடு இருக்கிறது: வரும் டாங்கிகளை என் எல்லைக்குள்ளேயே சிறிய அணுகுண்டால் நிறுத்துவேன். 2011 ஏப்ரலில் பாகிஸ்தான் ‘நஸ்ர்’ ஏவுகணையைச் சோதித்தது. அன்றைய கணக்கில் 60 கிலோமீட்டர் பாயும் அந்த ஏவுகணை, இந்தியப் படைகள் வேகமாக நுழைந்தால் தடுப்பதற்கென்று அணு ஆயுதத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். எல்லையின் இருபுறமும் ஒரே பஞ்சாபி பேசும் கிராமங்கள், கோதுமை வயல்கள், ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். ஃபுல்டாவைவிட இங்கே மக்கள் நெருக்கம் பல மடங்கு.

கதிர்வீச்சால் கொல்வதைத் தடைசெய்யும் முயற்சி ஒன்றும் முன்பு நடந்தது. 1979-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து ஜெனீவாவில் ஒரு வரைவை வைத்தன. கதிரியக்கப் பொருளைத் தூவிக் கொல்லும் ஆயுதங்களைத் தடைசெய்யும் வரைவு. அணு வெடிப்புக் கருவிகளுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள். கதிர்வீச்சால் கொல்வது குற்றம், ஆனால் குண்டிலிருந்து வந்தால் குற்றமில்லை என்று இரண்டு வல்லரசுகளும் ஒத்துப்போன இடம் அது. அந்த வரைவும்கூட ஒப்பந்தம் ஆகவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், 2003 ஜனவரியில் இந்தியா வெளியிட்ட அணுக் கோட்பாடு, முதலில் நாங்கள் போடமாட்டோம் என்கிறது. கூடவே, இந்தியப் படைகள் மீது உலகில் எங்கே அணு ஆயுதத் தாக்குதல் நடந்தாலும் பதிலடி தாங்க முடியாத அளவில் இருக்கும் என்றும் சொல்கிறது. தாக்கும் குண்டு சிறியதா பெரியதா என்று அந்தக் கோட்பாடு பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு டாங்கி வரிசையை நிறுத்துவதற்காக இஸ்லாமாபாத் எடுக்கும் ஒரு கிலோடன் முடிவுக்கு, டெல்லியிடம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பதில் நகரங்களின் அளவிலானது. அந்த முடிவை எடுக்க இரு பக்கமும் கிடைக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான்.